கைகாட்டி மரம் தராசான கதை

வருஷந்தோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், நம் ஊர்ப் பொறியியற் கல்லூரிகளின் வாயிலில் ஒரு புதிய பிளெக்ஸ் பலகை ஏறுவதைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். நிறுவனரின் பிறந்தநாளையும், மாணவர்களுக்குக் கிடைத்த வேலைகளின் கணக்கையும் தாங்கி நின்ற அதே சட்டத்தில், 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளுள் ஒருவர்' என்ற வாசகத்தின் கீழே, அக்கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கோட்டு அணிந்து, கூச்சமும் பெருமிதமும் கலந்த முகத்தோடு நிற்பார். அப்படிப்பட்ட பலகை ஒன்றின் நிழலில் என்னோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், அதை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்துவிட்டு, "இவர் என்ன சார் கண்டுபிடிச்சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலகையில் அதற்கு மட்டும் விடை எழுதப்படவில்லை.

அந்தப் பட்டியல், ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையின் மருத்துவப் பேராசிரியர் ஜான் அயோனிடிசும் அவருடைய சகாக்களும் 2019-இல் உலகுக்கு வெளியிட்ட ஒரு கணக்கு முறையால் தயாராவது. 'ஸ்கோபஸ்' என்னும் பெரிய தகவற் களஞ்சியத்திலிருந்து, ஒருவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர், அவர் தனியே எழுதியவற்றுக்கு எத்தனை, முதற் பெயராகவோ கடைசிப் பெயராகவோ நின்று எழுதியவற்றுக்கு எத்தனை என்பன போன்ற ஆறு எண்களை எடுத்து, ஒன்றாகக் குழைத்து, துறைவாரியாக வரிசைப்படுத்துகிறார்கள். என்ன கண்டுபிடித்தார் என்ற கேள்வியை அந்தக் கணக்குக் கேட்பதில்லை. கேட்பதாக அதை வகுத்தவர்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை. இவரைப் பேர் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே கேள்வி. எண்ணைச் சிறப்பு என்று மொழிபெயர்க்கும் வேலையைப் பலகை எழுதுகிறவர்கள் செய்துகொள்கிறார்கள்.

பேர் சொல்லி எடுத்தாள்வது தமிழனுக்குப் புதிய வழக்கமன்று. தகடூர் யாத்திரை என்ற நூல் இன்று நம் கையில் இல்லை. ஆயினும் அதன் செய்யுட்கள் சில நமக்குக் கிடைப்பது, தொல்காப்பியத்துக்கு உரை செய்த நச்சினார்க்கினியரும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் அவற்றை எடுத்து வைத்ததனால்தான். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியும் அவ்வாறே, சுமார் 70 செய்யுட்களாக, பிறர் நூல்களின் மடியில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. ஓர் உரைகாரர் தம் வாதத்துக்குத் துணை தேடி இரண்டடியை எடுத்தாண்டார். மூலச்சுவடி கறையானுக்கு இரையான பிறகும் அந்த இரண்டடி உயிர் தரித்தது. மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய தனி நூலே இத்தகைய மேற்கோள்களின் துணையால் பிறந்தது. ஆனால், நச்சினார்க்கினியர் குறுந்தொகையை எத்தனை முறை எடுத்தாண்டார் என்று விரல்விட்டு எண்ணி, அந்த எண்ணினால் குறுந்தொகையின் உயர்வு தாழ்வுக்குத் தீர்ப்புச் சொன்னவர் நம்மில் ஒருவரும் இல்லை. மேற்கோள் நமக்குச் சாட்சியாக இருந்தது, செலாவணி ஆகவில்லை.

அதை எண்ணத் தொடங்கிய தேசம் அமெரிக்கா; அங்கும் எடை போடுவதற்காக எண்ணவில்லை என்பதுதான் இந்த விருத்தாந்தத்தின் சுவாரஸ்யமான பகுதி. 1873-இல், இல்லினாய் மாகாணத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வக்கீல்களுக்காக ஒரு வியாபாரம் ஆரம்பித்தார். ஒரு வழக்கின் தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை மறுத்தன என்று தேடித் தொகுத்து, பசை தடவிய சிறு சீட்டுகளில் அச்சிட்டு விற்பார்; வக்கீல் அதை வாங்கித் தம் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். தள்ளுபடியான தீர்ப்பை ஆதாரமாகக் காட்டி நீதிபதியின் முன் தலைகுனியாமல் இருக்க அது ஒரு காப்பு. ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்குப் பின், யூஜீன் கார்ஃபீல்ட் என்ற இளைஞர், ரசாயனம் படித்து, அதில் மனம் ஒட்டாமல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் மருத்துவக் கட்டுரைகளுக்கு அகராதி தயாரிக்கும் திட்டம் ஒன்றில் உழைத்துக்கொண்டிருந்தபோது, ஷெப்பர்ட் கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதிய கடிதத்தின் மூலம் இந்தச் சீட்டுகளைப் பற்றி அறிந்தார். வக்கீலுக்கு உதவிய யுக்தி விஞ்ஞானிக்கும் உதவுமே என்று அவருக்குப் பட்டது.

அவருடைய யோசனையின் அழகு எளிமையில் இருந்தது. 1950-இல் ஒருவர் எழுதிய கட்டுரை என் மேஜைமேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிக்குறிப்புகள் அதற்கு முன்னால் வந்தவற்றை எனக்குக் காட்டும்; அதாவது பின்னோக்கிப் போக எனக்கு வழி உண்டு. ஆனால் 1954-இல் வேறொருவர் அக்கட்டுரையின் பரிசோதனை பிழையென்று நிரூபித்திருந்தால், அந்தச் செய்தி அந்தப் பழைய காகிதத்தில் எப்படி ஏறும்? முன்னோக்கிப் போக வழியில்லை. அந்த வழியைத் திறப்பதற்காகத்தான், 1955-இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் கார்ஃபீல்ட் தம் மேற்கோள் அகராதியைப் பற்றி எழுதினார். நியூ ஜெர்ஸியில், கோழி வளர்த்த கொட்டகை ஒன்றைச் செப்பனிட்டு அதையே காரியாலயமாகக் கொண்டு உழைத்தவர், பிறகு பிலடெல்ஃபியாவில் தம் ஸ்தாபனத்தை நிலைநிறுத்தி, 613 சஞ்சிகைகளிலிருந்து 14 லட்சம் மேற்கோள்களைத் திரட்டி, 1961-ஆம் வருஷத்து விஞ்ஞான இலக்கியத்துக்கு ஐந்து பெருந்தொகுதிகளாக முதல் அகராதியை வெளியிட்டார். அது ஒரு கைகாட்டி மரம். இந்தக் கட்டுரையிலிருந்து அந்தக் கட்டுரைக்கு இப்படிப் போகலாம் என்று விரல் நீட்டியதே தவிர, எந்த ஊர் பெரியது என்று அது சொல்ல வரவில்லை.

நூலகங்களுக்குக் கணிதத்தை அழைத்து வந்ததில் நமக்கும் ஒரு பாகம் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போவது நன்றிக்கேடாகும். சீர்காழியில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1948-இல் இங்கிலாந்தில் லீமிங்டன் ஸ்பா நகரில் கூடிய நூலகர் மகாநாட்டில், நூலக அளவியல் என்று ஒரு சாஸ்திரம் வேண்டும் என்று முன்மொழிந்தார். நூல்களைப் பற்றிய கணக்கியலுக்கு மேல்நாட்டில் நிலைத்த பெயர் கிடைத்தது 1969-இல்தான். ரங்கநாதனின் கணக்கெல்லாம் வாசகனுக்குத் தொண்டு செய்வதற்கானது. வாசகனை அலைய விடாதே என்பதே அதன் சாரம்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் ஒரு வேடிக்கை நடந்தது. ராஃபிள்ஸ் கல்லூரியில் கணிதம் போதித்த டெரெக் டி சோல்லா பிரைஸ் என்ற ஆங்கிலேயர், நூலகக் கட்டடம் முடியும் வரையில், லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகைத் தொகுதிகளைத் தம் வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். பத்தாண்டுக்கு ஓர் அடுக்காகச் சுவரோரம் அடுக்கியபோது, அடுக்குகளின் உயரம் ஓரொழுங்காக இரட்டித்துக்கொண்டே போவதைக் கண்டார். விஞ்ஞானத்தின் வளர்ச்சியே ஒரு வளைகோடாக அவர் வீட்டுச் சுவரில் நின்றது. பின்னர் 1965-இல், கார்ஃபீல்டின் அகராதியைக் கொண்டே, கட்டுரைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலையை அவர் வரைந்து காட்டினார். ஒரு சில கட்டுரைகள் ஏராளமாக மேற்கோள் பெற, பெரும்பாலானவை ஒன்றும் இரண்டுமாகப் பெறுகின்றன என்பது அதில் வெளியாயிற்று. உள்ளவனுக்கே மேலும் சேரும் என்ற இந்த நியதியை, 1968-இல் சமூகவியலார் ராபர்ட் மெர்ட்டன், பைபிளின் மத்தேயு சுவிசேஷத்தை நினைவூட்டிப் பெயரிட்டு அழைத்தார்.

கைகாட்டி மரம் தராசாக மாறியது மெல்ல மெல்ல. எந்தெந்தச் சஞ்சிகைகளைத் தம் அகராதியில் சேர்ப்பது என்று தீர்மானிப்பதற்காக, கார்ஃபீல்டும் அவருடைய சகாவான இர்விங் ஷெரும், ஒரு சஞ்சிகையின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைக்கிறது என்று ஒரு விகிதம் கண்டுபிடித்தனர். அதுவே 'இம்பாக்ட் ஃபேக்டர்'. முந்திய இரண்டு வருஷத்துக் கட்டுரைகளுக்கு இந்த வருஷத்தில் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. சந்தா கட்டுவதற்கு நூலகருக்கு அது உதவிற்று. ஆனால் சஞ்சிகையின் சராசரியை அதில் எழுதிய மனிதனின் தலையில் வைத்துக் கட்டுவது, ஒரு தெருவின் சராசரி வருமானத்தைப் பார்த்து அத்தெருவில் குடியிருக்கும் குமாஸ்தாவுக்கு வரி விதிப்பதைப் போன்றது. அந்தக் காரியத்தையும் உலகம் தயங்காமல் செய்தது.

பிறகு 2005-இல் மனிதனுக்கென்றே ஓர் எண் பிறந்தது. ஆர்ஜென்டீனாவில் பிறந்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹிர்ஷ் வகுத்த 'எச் இன்டெக்ஸ்' அது. அதன் கணக்கு வெகு சுலபம். ஒருவருடைய கட்டுரைகளை, பெற்ற மேற்கோள்களின்படி இறங்குவரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்: 90, 40, 12, 9, 5, 5, 3 என்று. ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது. ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே அவருடைய எண் 5. இதில் ஒரு நன்மை உண்டு. ஒரேயொரு கட்டுரையின் அதிர்ஷ்டத்தால் ஒருவர் கோபுரம் ஏறிவிட முடியாது. அதே இடத்தில் தீமையும் இருக்கிறது. அந்த முதற் கட்டுரை உலகையே புரட்டி, அதன் 90 மேற்கோள் 9,000 ஆனாலும், அவருடைய எண் அதே 5-தான். அமெரிக்காவின் பெரிய சர்வகலாசாலைகளில் பௌதிகத்துறை உத்தியோகம் நிரந்தரமாவதற்குச் சுமார் 12, முழுப் பேராசிரியருக்கு 18 என்று ஹிர்ஷே உத்தேசமாக எழுதிவைத்தார். உத்தேசம் நாளடைவில் விதியாயிற்று. 2020-இல், தம் எண்ணுக்குத் தாம் நினையாத கெட்ட விளைவுகளும் உண்டு என்று அவரே எழுத நேர்ந்தது.

எண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கத் தவறுகிறது என்பதற்கு இரண்டு திருஷ்டாந்தங்களை அருகில் வைத்துப் பார்ப்போம். உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற விஞ்ஞானக் கட்டுரை எது என்று 2014-இல் 'நேச்சர்' சஞ்சிகை எண்ணிப் பார்த்தது. 3,05,000-க்கு மேற்பட்ட மேற்கோள்களோடு முதலிடத்தில் நின்றது, 1951-இல் ஆலிவர் லோரியும் அவருடைய சகாக்களும், ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளப்பதற்கு எழுதிய செய்முறைக் குறிப்பு. அது சிறந்த கட்டுரையன்று என்பது லோரிக்கே தெரியும். ஆனாலும் அதற்குக் கிடைத்த வரவேற்பு உள்ளூர ஒரு குஷியைத் தந்தது என்றும் அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்ஸன், கிரிக் கட்டுரை முதல் நூறில்கூட இல்லை. சமையலறையில் தினந்தோறும் கைக்கு வருவது கரண்டிதான். அதனால் கரண்டி செய்தவன் நெருப்பைக் கண்டவனைவிடப் பெரியவன் ஆவதில்லை. கரண்டி வேண்டாம் என்பது என் கட்சியுமன்று.

மற்றொன்று நம் சென்னையில் நடந்தது. 1952-இல், முப்பதே வயதில், பெங்களூரிலிருந்து சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜென் என்ற புரதத்தின் அமைப்பை ஆராயத் தொடங்கினார். அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கிடைத்த கங்காரு வாலின் தசைநார் அவருடைய மூலப்பொருள்களுள் ஒன்று. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் அதன் மூவிழை வடிவத்தை வெளியிட்டார். அதைத் திருத்திய அடுத்த வடிவத்தில் அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன, இது இயலாது என்று, முன்சொன்ன கிரிக்கும் அவருடைய சகா ரிச்சும் மறுத்தார்கள். மறுப்பைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு உட்காராமல், அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் கணக்கிடத் தொடங்கினார். புரதம் என்பது ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கீல்களில் திரும்பக்கூடியது. கீல் திரும்பும் கோணங்களில் எந்தெந்த ஜோடிகளில் அணுக்கள் மோதிக்கொள்ளும், எவற்றில் மோதாது என்று, அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கணக்கிட்டு, ஒரு சதுரக் கட்டத்தில் தீவுகளைப்போல் வரைந்து, 1963-இல் வெளியிட்டார்கள். அதுவே ராமச்சந்திரன் வரைபடம்.

இன்று உலகின் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், கண்டது சரிதானா என்று சோதிக்கும் முறைகளுள் முக்கியமானது இந்த வரைபடம். சர்வதேசப் புரத வங்கியில் சேர்ந்திருக்கும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகளின் பரிசோதனை அறிக்கைகளில் அவர் பெயர் வருகிறது. ஆனால் 1963-ஆம் வருஷத்துக் கட்டுரையை அடிக்குறிப்பில் காட்டவேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றுவதே இல்லை. 'ராமச்சந்திரன் வரைபடத்தில் சரியாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நியூட்டனின் விதியை எழுதும்போது நியூட்டனுக்கு யார் அடிக்குறிப்புப் போடுகிறார்கள்? ஒரு கருத்து அறிவின் உடம்போடு கலந்துவிட்டால் அதன் கர்த்தா மேற்கோள் கணக்கிலிருந்து மறைந்துபோகிறான் என்பதை மெர்ட்டன் கண்டு சொன்னார். ஆக, மேற்கோள் ஒரு கட்டம் வரையில் கீர்த்தியோடு சேர்ந்து ஏறுகிறது. கீர்த்தி பூரணமானதும் நின்றுவிடுகிறது. தராசு முள் சாய்வது நிற்கும் இடத்தில்தான் பொருள் மிகக் கனமாக இருக்கிறது என்றால், அந்தத் தராசை என்னவென்று சொல்வது!

கூட்டுழைப்பின் கணக்கும் இப்படித்தான். ஹங்கேரிய கணித மேதை பால் எர்டோஸ், வீடு வாசல் இல்லாமல், ஒரு பெட்டியோடு நாடு நாடாகச் சுற்றி, 500-க்கு மேற்பட்டவர்களோடு சேர்ந்து, ஏறக்குறைய 1,500 கட்டுரைகள் எழுதியவர். அவரோடு சேர்ந்து எழுதியவனுக்கு எர்டோஸ் எண் 1. அவனோடு எழுதியவனுக்கு 2. இப்படிப் போகும் ஒரு விளையாட்டு கணிதக்காரர்களிடையே உண்டு. 1975 ஜனவரியில், கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா செல்லவிருந்த அவர், பிரயாணத்தை மாற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தார். விவேகானந்தா கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடி என்ற மாணவர், ஓர் எண்ணின் பகா காரணிகளைக் கூட்டினால் (12 என்றால் 2, 2, 3, கூட்ட 7) வரும் தொகைகளைப் பற்றிக் கடிதம் எழுதியிருந்ததே அதற்குக் காரணம். மாணவனும் மேதையும் சேர்ந்து எழுதியது 1977-இல் பிரசுரமாயிற்று. அல்லாடிக்கு எண் 1. எர்டோஸ் ஏழு வயதுப் பையனாக இருந்தபோதே மறைந்துவிட்ட நம் ராமானுஜனுக்கோ, அவரோடு சேர்ந்து எழுதிய ஹார்டியின் வழியாக எண் 3. இந்த எண்ணைக் கொண்டு ராமானுஜனை அளக்க ஒருவரும் முற்பட மாட்டார்கள். யார் யாரோடு உட்கார்ந்து பேசினார்கள் என்று அது சொல்லும். பேசியதன் பெறுமானத்தை அது அறியாது.

விளையாட்டாக இருந்தவரை அது சுகமாக இருந்தது. இப்போது கூட்டும் எடைக்கு வந்துவிட்டது. ஹிக்ஸ் துகளின் நிறையை அறிவித்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரை 33 பக்கம். அதில் விஷயம் 9 பக்கம், ஆசிரியர் பெயர்கள் 24 பக்கம், ஆசிரியர்கள் 5,154 பேர். அத்துகளைத் தேடிய மகா யந்திரத்தைக் கட்டி ஓட்ட அத்தனை கைகளும் வேண்டியிருந்தன என்பதால் அதில் குறை சொல்ல இடமில்லை. நம் பக்கத்துக் கட்டுரைகளில், துறைத்தலைவரின் பெயர், தாளாளரின் பெயர், போன வாரம் தம் கட்டுரையில் நம் பெயரைச் சேர்த்துக்கொண்ட நண்பரின் பெயர் என்று வரிசை நீள்கிறதே, அதைத்தான் என்னவென்பது! கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல் ஆசிரியர் வரிசையில் பெயர் எழுதப்படுகிறது. மொய்யைப்போலவே அது திருப்பிச் செய்யவும் படுகிறது.

சர்வகலாசாலை மானியக் குழு 2010-இல் ஆசிரியர் உத்தியோக உயர்வுக்குப் பிரசுரங்களை மதிப்பெண்ணாக மாற்றிய நாளிலிருந்து இந்தப் பழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது. ஒரு நேர்முகத் தேர்வுக்குத் துணையாகச் சென்று வெளியே காத்திருந்த நான், உள்ளிருந்து வந்த பெண்ணிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். "ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை, சைட்டேஷன் எத்தனை, எச் இன்டெக்ஸ் எவ்வளவு, அவ்வளவுதான் அங்கிள். எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினேன்னு யாரும் கேக்கலை" என்றாள். பழங்கல்வெட்டுகளில் வரும் நீர்ப்பாசனச் சொற்களை ஆறு வருஷம் ஊர் ஊராகப் போய்த் திரட்டியவள் அவள். அவள் எழுதியது தமிழில், புத்தகமாக. களஞ்சியத்தின் வலையில் அத்தகைய மீன் விழாது. உயிரியலில் ஒரு நல்ல கட்டுரைக்கு ஒரு வருஷத்தில் சேரும் மேற்கோள், கணிதத்தில் பத்து வருஷத்தில் சேராது. தமிழில் சேர்வதற்கு எண்ணுகிறவனே இல்லை. சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டாமல் ஆராய்ச்சி செய்த தமிழறிஞன் அரிது. ஆனால் அதைப் புரட்டியவர்கள் எல்லாரும் அதன் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப் பிள்ளைக்கு அடிக்குறிப்புப் போட்டிருந்தால் அவர் எத்தனையாவது சதவீதத்தில் நிற்பார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

எண் சோறு போடும் என்று தெரிந்ததும் எண்ணைச் சமைக்கக் கடைகள் திறந்தன. கட்டுரையை எழுதி விற்கிறவர்கள், பெயருக்கு இடம் விற்கிறவர்கள், நீ என்னைக் காட்டு நான் உன்னைக் காட்டுகிறேன் என்று உடன்படிக்கை செய்துகொள்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். 2023 ஒரே வருஷத்தில் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் வாபஸ் வாங்கப்பட்டன.

பரிகாரம் தேடாமலும் இல்லை. 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடியவர்கள், சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு மனிதனை மதிப்பிடாதீர்கள் என்று பிரகடனம் செய்தார்கள். 2015-இல் லைடன் நகரின் பெயரால் வெளியான அறிக்கை, எண்கள் நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாகலாம், அதன் ஸ்தானத்தில் அமரக்கூடாது என்று பத்து விதிகள் வகுத்தது. அந்த அறிக்கையை எழுதியவர்கள் மேற்கோள் எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். தராசு செய்கிறவனே, இதில் எல்லாவற்றையும் நிறுக்காதே என்கிறான்.

ஆகவே, தேர்வுக் குழுக்களில் அமரும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களுக்கு அவகாசம் குறைவு என்பது தெரியும்; 60 விண்ணப்பங்களுக்கு ஒரு முற்பகல்தான் கிடைக்கிறது. எண்களை வைத்துக்கொண்டு முதலில் கொஞ்சம் பேரைக் கழித்துக்கொள்ளுங்கள், நான் ஆட்சேபிக்கவில்லை. எஞ்சியவர்களிடம், தாம் எழுதியவற்றுள் சிறந்தது என்று அவர்களே கருதும் ஒரேயொரு கட்டுரையை, அல்லது புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை, ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். அதை முழுவதும் வாசியுங்கள். வாசித்தபின் அவர்களை உள்ளே அழைத்து, பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியையே கேளுங்கள்.